சங்கிலிக்குப் பிறகு ஒரு வாளி

786

பண்டாரவளை
21.02.1981

அன்பு மகன் வாஹிதுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் சுகம், குவைத் வெயிலிலும் அல்லாஹ் உன்னை இதே சுகத்தோடு வைத்திருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இன்று சுபஹ் தொழுதுவிட்டு நான் முதலில் செய்த வேலையைச் சொன்னால் நீ சிரிப்பாய். அடுப்பு மூட்டவில்லை, பால்காரனுக்குக் கதவு திறக்கவில்லை, நேரே கக்கூசுக்குப் போய்ச் சங்கிலியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். தண்ணீர் ஒரே மூச்சில் இரைந்து இறங்கி, கொமட்டைச் சுற்றிக் கழுவிக்கொண்டு போய்விட்டது. வாளியை நான் தொடவே இல்லை. மேலே தண்ணீர்த் தாங்கி நிரம்புகிற சத்தம் ஓயும் வரை நின்று கேட்டுவிட்டு இன்னொரு தரமும் இழுத்தேன். வீண்தான், ஆனால் மனம் கேட்கவில்லை.

நம் வீட்டுக் கக்கூஸ் உனக்குத் தெரியும். சங்கிலியை இழு, பிறகு ஒரு வாளி ஊற்று என்று நீ பேசப் பழகிய வயதிலேயே சொல்லிக் கொடுத்தோம், வருகிற விருந்தாளிக்கும் அதையேதான் சொன்னோம். இருபத்து நான்கு வருடமாக அதை ஒரு பழுது என்று யாரும் நினைக்கவில்லை, வீட்டு வழக்கம் என்றே நினைத்தோம். வாப்பா கடைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், பதுளை ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கிடந்ததும், இரண்டு ஊன்றுகோலோடு வீடு வந்ததும் எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டு கையிலும் கோல் இருக்கிறவர் வாளியை எப்படித் தூக்குவார்? தோட்டத்துப் பக்கத்துக் கக்கூசில் குந்தி இருக்கவும் அவரால் ஏலாது. அதனால் ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து கோலால் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார், நான் வாளியோடு போவேன். கூப்பிட மாட்டார், என் முகத்தைப் பார்க்கவும் மாட்டார். கொஞ்ச நாளில் தேத்தண்ணியைப் பாதியில் வைக்கத் தொடங்கினார், பிறகு பகல் சோற்றிலும் பாதி. பசியில்லை என்பார். அப்புறம்தான் ஒருநாள், "இந்தக் குளிர் எலும்புக்கு ஆகாது புள்ள, மகன் சொல்றது சரி, வீட்ட வித்துட்டுக் கொழும்புக்குப் போவோம்" என்றார். நீயும் சந்தோஷப்பட்டு, வாங்க ஆள் பார்த்து, பத்திரமும் எழுதி அனுப்பிவைத்தாய். மகன், குளிரோடு அவர் பிறந்ததிலிருந்து இருக்கிறார். அவரை வெளியே தள்ளியது அந்த வாளி.

பைப் வேலை செய்கிற மேஸ்திரி, பொன்னையா பாஸ், இரண்டு தரம் வந்து பார்த்தார். முதல் தரம் தாங்கிக்குள் ஏதோ மாற்றினார். இரண்டாம் தரம், வெளிக் குழாய் அடைத்துவிட்டது, ரோஜாப் பாத்தி முழுக்கத் தோண்ட வேண்டும் என்றார். அன்று பாடசாலையில் நான் முகம் வாடி உட்கார்ந்திருந்ததை, வகுப்பு கூட்ட வந்த வேலாயி கண்டுவிட்டாள். நம் பாடசாலைக்கு அவள் வந்து ஐந்தாறு வருடம்தான், அதற்கு முன் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துத் தொரை பங்களாவில் பத்தொன்பது வருடம் பாத்ரூம் கழுவியவள். விஷயத்தைச் சொன்னேன். "கக்கூசுக்கா டீச்சர் கண்ணு கலங்குறீங்க? நாளைக்குச் சனிக்கெழமதானே, வந்து என்னான்னு கேட்டுப் பாக்குறேன்" என்றாள். கக்கூசை என்ன கேட்பாள் என்று எனக்கு விளங்கவில்லை.

சொன்னபடி வந்தாள். முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் கொமட்டில் ஓங்கி ஊற்றினாள். மடக்கென்று விழுங்கியது. "பாத்தீங்களா, தொண்டையில கோளாறு இல்ல, ரோசாவத் தோண்ட வேணாம், கோளாறு மேலதான்" என்று ஸ்டூலில் ஏறித் தாங்கி மூடியைத் திறந்தாள். தண்ணீர் பாதிக்குத்தான் நின்றது. மிதக்கிற பந்தின் கம்பியை யாரோ கீழே வளைத்திருந்தார்கள், அதனால் பாதி நிரம்பியதும் தண்ணீர் நின்றுவிடுகிறது. அதை நிமிர்த்திவிட்டாள். சங்கிலியை இழுத்தபோது கொஞ்சம் வேகம் கூடியது, ஆனாலும் போதவில்லை. அப்போது அவள் கேட்டது உடுப்புக்குப் போடுகிற நீலம். அதைக் கரைத்துத் தாங்கியில் விட்டு, என்னை இழுக்கச் சொல்லிவிட்டு, கொமட்டுக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தாள். "வழிஞ்சு வருது டீச்சர், விழுந்து வரல" என்றாள். பிறகு குழாயில் காதை வைத்து இன்னொரு தரம் இழுக்கச் சொன்னாள். தாங்கியிலிருந்து இறங்கும் குழாய் சுவரோரமாக ஒரு முறை மடங்கி, மூலையில் இன்னொரு முறை மடங்கித்தான் கொமட்டுக்கு வருகிறது. "ரெண்டு எடத்துல முட்டிக்கிட்டு வந்தா அதுக்கு எங்கிருந்து தெம்பு இருக்கும்? தொரை கட்டுன கக்கூசு இப்படி இருக்காதே, யாரு திருப்புனது இத?" என்றாள்.

திருப்பியது என்னைப் பெற்றவர், உன் மூத்தாப்பா. இந்த வீட்டை இதைக் கட்டிய வெள்ளைக்காரத் தொரையிடம் வாங்கி எனக்குச் சீதனமாகத் தந்தபோது கொமட் மேற்கே பார்த்து இருந்தது. நாம் தொழுகிற கிப்லாத் திசையை நோக்கிக் கக்கூசுக்கு இருக்கக் கூடாது என்று, கலியாணத்துக்கு முந்திய வாரம் பாஸ் ஒருவரைப் பிடித்துக் கொமட்டை மட்டும் வடக்கே திருப்பிவிட்டார். இரும்புத் தாங்கியைத் தூக்க நாலு ஆள் வேண்டும், அதனால் அது பழைய சுவரிலேயே நின்றுவிட்டது. எட்டாம் வகுப்புக்கு வருடாவருடம் சைபன் படம் கீறி விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான், பயிற்சிக் கலாசாலையில் அந்தப் பாடத்துக்குப் பரிசும் வாங்கியவள். என் தலைக்கு மேலே அந்தத் தாங்கிக்குள் இருந்த சைபனை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வாளி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன். வேறு எதிலெல்லாம் இப்படி இருந்துவிட்டேனோ என்று இந்த வாரம் முழுக்க யோசிக்கிறேன்.

அடுத்த நாள் பொன்னையா பாஸ் வந்தார், வேலாயியும் வந்திருந்தாள். கொமட்டைப் பழையபடி திருப்பிவிடுவோம், அரை நாள் வேலை என்றார். வாப்பா கட்டிலில் இருந்தபடியே, அது நடக்காது, அதைவிட வீடு போனாலும் பரவாயில்லை என்றார். பாஸ் என் பக்கம் திரும்பித் தலையில் கைவைத்தார். வேலாயிதான், "அவங்க சாமிக்கு அவங்க குடுக்குற மரியாத அது, அதுல நமக்கென்னா? கொமட்டு திரும்புனா தாங்கியும் கூடத் திரும்பணும், அம்புட்டுத்தான். அன்னைக்கு மறந்தத இன்னைக்குச் செய்யுங்க பாஸ்" என்றாள். கக்கூஸ் கழுவுகிற பொம்பிளை எனக்குப் பாடம் நடத்துகிறாள் என்று அவர் முணுமுணுத்தார். அவள் கோபிக்கவில்லை. "நீங்க கட்டிட்டுப் போயிருவீங்க பாஸ், தண்ணி எங்க நிக்குதுன்னு கழுவுறவளுக்குத்தானே தெரியும்" என்றாள். வாப்பா அறையிலிருந்து சத்தமாகச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

தாங்கியை இறக்கித் தெற்குச் சுவரில், கொமட்டுக்கு நேர் மேலே ஏற்ற ஒன்றரை நாள் ஆனது. முக்கி முனகினாலும் பாஸ் வேலையைச் சுத்தமாகச் செய்தார், குழாய் இப்போது தூக்குநூல் விட்டது போல நேராக இறங்குகிறது. சீமெந்து காய மூன்று நாள் சங்கிலியை யாரும் தொடக் கூடாது, அதுவரை வாளிதான் என்று வேலாயி கண்டித்துவிட்டுப் போனாள். நேற்று ஜும்ஆ முடிகிற நேரம் பார்த்து அவளே வந்து முதல் இழுப்பு இழுத்தாள், இன்னும் கொஞ்சம் நீலம் விட்டு. இந்தத் தடவை நீலம் விழுந்து வந்தது. அதன் பிறகு வாப்பா தனியே போனார். நானும் அவளும் குசினியில் நின்றோம். கோல் தட்டுகிறதா என்று என் காது முழுக்க அந்தக் கதவில்தான் இருந்தது. தட்டவில்லை. சங்கிலிச் சத்தம், தண்ணீர்ச் சத்தம், பிறகு கோலும் காலுமாக மெதுவாக நடந்து வருகிற சத்தம். ஹோலில் வந்து உட்கார்ந்தவர் வேலாயியைக் கூப்பிட்டு எதிர் நாற்காலியைக் காட்டினார். "இருக்கட்டும் மொதலாளி, நான் நின்னுக்கிறேன்" என்றவளை, "நிண்டா நானும் எழும்பி நிக்கணும், எனக்கு ஏலா, இருங்க" என்று உட்கார வைத்தார். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். தன் கோப்பையை முழுக்கக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டி, இன்னொரு கோப்பை ஊற்று என்றார். மகன், அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்கு வந்து விளிம்பு வரை ஊற்றினேன்.

வேலாயியைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம், இத்தனை வருடம் நான் படித்தவர்களிலும் படிப்பித்தவர்களிலும், ஒன்றைக் குறை சொல்லுமுன் அதை இப்படிப் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நீயும் வேலைத்தலத்தில் யாரையும் அவர் செய்கிற தொழிலைக் கொண்டு அளந்துவிடாதே. வெயில் நேரத்தில் தலையை மூடிக்கொள், ரொட்டியும் டின்மீனும் மட்டுமே தின்று நாளைக் கழிக்காதே. போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய், குறைந்துவிட்டதா என்று எழுது. இங்கே பேரிக்காய் காய்த்துத் தொங்குகிறது, உனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத்தையும் உடம்பில் பலத்தையும் தருவானாக, நல்ல மனிதர்கள் நடுவில் உன்னை வைப்பானாக.

நீ அனுப்பிய பத்திரம் அலுமாரியில், என் கலியாணச் சேலைக்குக் கீழே இருக்கிறது. வீடு என் பெயரில் இருக்கிறது, கையெழுத்தும் என்னுடையதுதான் வேண்டும். நான் போடப் போவதில்லை. வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். எங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் நீ இதையெல்லாம் செய்தாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கோபிக்காதே. லீவில் வந்து ஒரு தரம் சங்கிலியை இழுத்துப் பார், பிறகு பேசுவோம். வாளியைத் தேடாதே, அது ரோஜாப் பாத்திக்குப் போய்விட்டது.

உன் உம்மா,
ஹம்ஸியா மர்ஸூக்