அத்தானின் சின்னப் பைனாகுலர்

சனிக்கிழமை இரவு, டண்டினொங்.

இன்று அத்தானோடு மான் வேட்டைக்குப் போனேன். என் நடுத்தர அளவுப் பைனாகுலரை நான் கழுத்தில் மாட்டியதுமே சிரித்தார். "உந்தக் கல்லை நாள் முழுக்கக் காவப் போறியே? என்ர சின்னன் காணும், பொக்கற்றுக்க கிடக்கும்."

பகல் முழுவதும் அவர் சொன்னதுதான் சரி. என் கழுத்து நொந்தது.

பொழுது மங்கும்போது புதர்களுக்குள்ளால் அவரிடம் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கே நிற்கிறார் என்று பார்க்கப் பைனாகுலரைத் தூக்கினேன். மேட்டில் நின்று அவரும் தன் சின்னதால் என் பக்கம் பார்த்தார். அந்த மங்கலில் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. அதைப் பொக்கற்றில் போட்டுவிட்டுத் துவக்கைத் தூக்கி, அதன் ஸ்கோப்பால் என்னைப் பார்த்தார். என் பைனாகுலர்க் கண்ணாடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. துவக்கின் வாய் தெரிந்தது. விசையில் கிடந்த விரலும் தெரிந்தது. இரண்டு கையையும் உயர்த்தினேன். துவக்கை மெல்லத் தாழ்த்தினார்.

வீட்டில் அக்கா சோறு போடும்போது அத்தான் கேட்டார்.

"உன்ர பெரிய கண்ணாடியால என்னத்தையடா கண்டனி?"

அக்காவும் சிரித்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை அத்தான்."

அதே விரலால் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார்.