அம்மா, நான் மடத்துக்குப் போகவில்லை

என்றும் என் அன்புக்குரிய அம்மாவுக்கு,

நீங்கள் போன பிறகு வந்த முதல் தவக்காலம் முடிந்துவிட்டது. உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது. கோவிலில் ஊதாத் துணிகளை எடுத்துவிட்டு வெள்ளை விரித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் தவக்காலம் இன்னும் நடக்கிறது. பெரியம்மா மீன் சாப்பிடுவதில்லை. நான் கன்னியர் மடத்துக்குப் போகும்வரை மச்சம் வாயில் வைப்பதில்லை என்று உங்கள் முப்பத்தோராம் நாள் பூசையன்று சொன்னவர், இன்றுவரை வைக்கவில்லை. கடலுக்குப் போகிற மனிதனின் வீட்டில் இது எப்படிப்பட்ட விரதம் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கடைசி நாளைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சாகக் கிடப்பவர்களுக்குத் தரும் நோயில்பூசுதலைத் தருவதற்குப் பங்குச் சுவாமி வந்திருந்தார். செபம் சொல்ல வந்த பெண்களால் அறை நிறைந்திருந்தது. நீங்கள் கண்ணைத் திறந்து, "இவள் அந்தோனியாருக்கு நேர்ந்த பிள்ளை. இடம்பெயர்ந்து இருக்கேக்கை நெருப்புக் காய்ச்சல் வந்து கிடந்தவள். உயிரோடை தந்தால் மடத்துக்கு விடுறன் எண்டு நேர்ந்தனான்" என்றீர்கள். நான் அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். நான் வாய் திறக்க முன்னரே பெரியம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓம் தங்கச்சி, நான் விடுறன். நீ யோசியாமல் போ."

விடியும் முன் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது ஊரே அதைச் சொல்கிறது. சந்தையில் மரக்கறி விற்கிறவர்கூட என்னை "சிஸ்டர்" என்கிறார். நான் அதிகம் கதைப்பதில்லை, அது அழைத்தலின் அடையாளமாம். புத்தகமும் கையுமாக இருக்கிறேன், அதுவும் அடையாளம்தான். "மடத்திலை பெரிய வாசிகசாலை இருக்காம் பிள்ளை" என்று பெரியம்மா ஆசை காட்டுகிறார். பூசை முடிந்து வாங்குப் பலகையில் கொஞ்ச நேரம் கூடுதலாக முழந்தாளில் இருந்தால், பின்னால் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் முதல் ஆளாக எழுந்து வந்துவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக்குப் போகும் பஸ்ஸில், யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு செபமாலை சொல்கிறேன். கடவுளோடு கதைப்பதை மற்றவர்களுக்குத் தெரியாமல் செய்ய வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை அம்மா. நம்பிக்கை இல்லாதவளாக இருந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. கோவில் பக்கம் போகாமல் விட்டால் போதும். எனக்குக் கோவிலும் வேண்டும், வீடும் வேண்டும்.

பெரியம்மாவைக் கோபிக்கவும் முடியவில்லை. நேர்த்தி தீராததால் நீங்கள் மோட்சத்துக்குள் போக முடியாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்புக்குள் நிற்கிறீர்கள் என்று அவர் நம்புகிறார். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில், ஆண்டவர் தன் தாயைச் சந்திக்கும் நிலையில், சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மினார். நான் தாங்கிப் பிடித்தேன். "அவளுக்குச் சுடும் பிள்ளை" என்று என் காதுக்குள் சொன்னார். அதன் பிறகு எந்த நிலையிலும் எனக்குச் செபம் வரவில்லை.

சுடுகிறதா அம்மா?

சுவாமியிடம் போய்க் கேட்டேன். "நேர்ந்தவரைத்தான் நேர்த்தி கட்டும். பிள்ளையின்ரை வாழ்க்கையைத் தாய் நேர ஏலாது. வேணுமெண்டால் அதை வேறை நல்ல காரியமாய் நான் மாத்தி விடுறன்" என்றார். அப்படியே வந்து பெரியம்மாவிடம் சொன்னேன்.

"உந்தச் சுவாமி நேற்றுக் குருப்பட்டம் வாங்கின பெடியன். உவருக்கு என்ன தெரியும்?"

அப்பா அப்போது முற்றத்தில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "மச்சாள், நண்டு மீனில்லைத்தானே. ரெண்டு காச்சித் தரட்டோ?" என்றார். பெரியம்மா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அப்பா என்னோடு கதைத்தார். "கொம்மா நேரேக்கை நான் மருந்து தேடிச் சைக்கிளிலை திரிஞ்சனான். என்னையும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். நானும் தகப்பன்தானே." அவ்வளவுதான். திரும்பவும் வலையைக் கையில் எடுத்தார். உங்கள் மேல் அவருக்கு ஒரு மனக்குறை இருக்கும் என்று நான் அதுவரை நினைக்கவே இல்லை.

அன்று முதல் ஒன்றையே யோசிக்கிறேன். நான் சாதாரண தரம் எழுதியபோதும் உயர்தரம் எழுதியபோதும் இந்த நேர்த்தியைப் பற்றி நீங்கள் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மடத்துக்குப் போனபோது, "பாவம், தாய் என்னெண்டு இருக்கப்போறாளோ" என்றுதான் சொன்னீர்கள். நேர்த்தியை மறந்திருந்தீர்களா? அல்லது என்னைக் கொடுக்க மனமில்லாமல் இத்தனை வருடமும் அந்தோனியாருக்குச் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? கடைசி நாளில் பயம் வந்துவிட்டதா?

போன கிழமை, பெரியம்மா சொல்லியனுப்பி, மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். எனக்கென்று தைத்த வெள்ளைச் சட்டைகளைப் பெரியம்மா மேசையில் எடுத்து வைத்திருந்தார். சிஸ்டர் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார். "பிள்ளைக்கு வர விருப்பமோ?"

அம்மா, அந்தக் கேள்வியை அதுவரை யாருமே என்னிடம் கேட்கவில்லை.

"இல்லை சிஸ்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "நான் வரேல்லை சிஸ்டர்."

"அப்ப சரி. விருப்பமில்லாமல் வாற பிள்ளையை நாங்கள் என்னெண்டு எடுக்கிறது?" என்றார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். போகும்போது என் தலையில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவு எளிதாக எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன், பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கும்வரை. அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தார். பிறகு, "அப்ப என்ரை தங்கச்சியை ஆர் வெளியிலை எடுக்கிறது?" என்று கேட்டார்.

இன்று மத்தியானமும் அவர் சோற்றோடு பருப்பை மட்டும் பிசைந்து சாப்பிட்டார். நான் எதிரே இருந்து மீன் சாப்பிட்டேன். இனி வரும் நாள்களும் இப்படித்தான் போகும்.

நீங்கள் நேர்ந்தது உங்கள் வாயால். என்னை மடத்துக்கு விடுவதாகச் சொன்னது பெரியம்மாவின் வாய். இதை மட்டும் என் வாயால் சொல்கிறேன். மோட்ச வாசலில் யாராவது உங்களை மறித்து, நேர்ந்த பிள்ளை எங்கே என்று கேட்டால், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் தன் காலம் முடிந்த பிறகு வருவாள், வந்து தானே பதில் சொல்லுவாள் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். நான் வந்து சொல்லுவேன் அம்மா. வாக்குத் தருகிறேன்.

உங்களுக்கும் அப்பாவுக்கும் மகள்,
கிளாறா