ஞாயிற்றுக்கிழமைப் பதிப்புக்கு இரண்டு வரி

கல்லிடைக்குறிச்சி,
21.3.1997, வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி கிரீஷுக்கு அப்பா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது.

உன் 15-ஆம் தேதிக் கடிதம் 19-இல் கிடைத்தது. மாதத்தைக் குறிப்பிட மறந்திருக்கிறாய். பத்திரிகையில் செய்தி ஆசிரியராக இருப்பவன் கவனிக்க வேண்டும். அம்மாவுக்குக் கால்வலி சற்றுத் தேவலை. வெயில் இப்போதே கடுமை. ஆற்றில் முழங்காலளவு தண்ணீரே ஓடுகிறது.

11-ஆம் தேதி உங்கள் பத்திரிகையில், நான்காம் பக்கம், ‘ஆற்றில் மூழ்கி கேபிள் டி.வி. ஊழியர் சாவு’ என்று வந்தது. போலீஸ் சொன்னதைப் போட்டோம் என்கிறாய். செத்துப்போன அந்தத் தளவாய், சிறு வயதிலிருந்தே அந்த ஆற்றில் நீந்தியவன். அவனுடைய கேமரா இன்றுவரை கிடைக்கவில்லை. அதைப் பற்றி அச்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை.

கல்யாண வீடியோ எடுப்பவன் எப்படிச் செய்தியாளன் ஆவான் என்றும் கேட்டிருக்கிறாய். உங்கள் நிருபர் இவ்வூருக்கு வந்து நான் கண்டதில்லை. தளவாய், ஆற்றில் திருட்டு மணல் அள்ளும் லாரிகளைப் படமெடுத்து அன்று மாலையே ஊர் கேபிளில் காட்டினான். “ஒங்க பேப்பர் நாளைக்கு எழுதுமோ என்னமோ சாமி, நான் இன்னைக்கே காட்டுதேன்” என்று என்னிடம் சிரித்தான். அதே கேபிளில் மரண அறிவிப்பும் மின்தடையும் வாசித்துக்கொண்டிருந்த உன் தங்கை ஹம்ஸினி, லாரி எண்களை வாசிக்கத் தொடங்கினாள்.

அவன் கடைசியாக எடுத்த கேசட் அவளிடம் இருக்கிறது. நாளை மறுநாள், ஞாயிறு மாலை, அதை ஒளிபரப்பப் போகிறாள்.

நேற்று மணல்காரர்களின் ஆள் ஒருவன் வீட்டுக்கு வந்தான். காப்பி குடித்தான். மரியாதையாகவே பேசினான். “தங்கச்சிய பையப் பேசச் சொல்லுங்க சாமி, தொண்ட கெட்டுப் போயிரும்” என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

வேண்டாமென்று அவளைக் கண்டித்தேன். “அப்போ தளவாய் அண்ணா முழங்கால் தண்ணியில முழுகிப் போனார்னு நானே வாசிக்கட்டுமாப்பா?” என்றாள்.

ஆகவே இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல், மதுரைக்கு வரும் பக்கத்து வீட்டுச் சிவசண்முகத்திடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிறு காலைப் பதிப்பில் இரண்டு வரி போடு. அன்று மாலை இவ்வூரில் இன்னது ஒளிபரப்பாகிறது என்றும், வழங்குபவர் செய்தியாளர் ஹம்ஸினி என்றும் இருந்தால் போதும். ‘ஊழியர்’ என்று போட்டுவிடாதே. வெளியூரிலும் நாலு பேர் அவள் பெயரை அறிந்திருந்தால், அவள்மேல் கை வைக்க மணல்காரர்கள் யோசிக்கக்கூடும்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். உன் தங்கையும்தான். திங்கட்கிழமைப் பதிப்பில் அவளைப் பற்றி நீ எழுதும்படி செய்துவிடாதே.

இப்படிக்கு,
சுப்பராமன்