ரவையைத் திருப்பி அனுப்பிய பிறகு

சித்தூர்
8-7-1974

அன்பான அக்காவுக்குத் தபீதாள் எழுதுவது. கர்த்தர் தயவால் நாங்கள் மூவரும் சுகம். அங்கே நீங்களும் இவருடைய அண்ணன் பெரியவரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, நம் முயல் ரவை சுகமாக இல்லை. பஸ் கண்டக்டர் முனிரத்தினம் கூடையைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே நீங்கள் வைத்த சீட்டையும் படித்தேன். ரவை தனியாக ஏங்கிப்போய்த் தன் முடியைத் தானே பிடுங்குகிறது, இலையைத் தொடுவதில்லை, இங்கிருக்கும் வெல்லத்தோடு சேர்த்துவிட்டால் பிழைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டும் ஒரு வயிற்றுக் குட்டிகள். ஒன்றின் முகத்தை ஒன்று நக்கிக்கொண்டு ஒட்டியே கிடந்தவை. பதின்மூன்று மாதம் கழித்துப் பார்க்கின்றனவே, எப்படிக் கொஞ்சிக்கொள்ளுமோ என்று மேரியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நான்தான் கூண்டைத் திறந்து ரவையை உள்ளே விட்டேன்.

வெல்லம் ஒரு நொடி பார்த்தது. அப்புறம் பாய்ந்தது. முயல் அப்படிப் பாயும் என்று எனக்குத் தெரியாது அக்கா. இரண்டும் ஒரே உருண்டையாகச் சுழன்றன, கூண்டெல்லாம் முடி. முயல் கத்தி நீங்கள் கேட்டதுண்டா? நான் அன்றுதான் கேட்டேன். கைக்குழந்தை வீறிடுவது போலிருந்தது. இவர், உங்கள் தம்பி, ஓடிவந்து கோணியைப் போட்டுப் பிரித்தார். அவர் கையிலும் கடி. ரவையின் இடது காது நுனியிலிருந்து பாதிவரை கிழிந்துவிட்டது. "வெல்லத்துக்கு இது ரவைன்னு தெரியலையாம்மா?" என்று மேரி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சொல்லக் கூடாதுதான், ஆனாலும் மனம் ஆறவில்லை. அன்றைக்குப் பெரியவர் பாகம் கேட்காமல் இருந்திருந்தால், பாத்திரம் பண்டத்தோடு முயலையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்காமல் இருந்திருந்தால், இந்தக் கண்றாவியை நான் பார்த்திருப்பேனா? இவர் அன்றிலிருந்து அண்ணன் என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை.

என்ன செய்வது என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் பிரியமுள்ள
தபீதாள்


திருப்பதி
11-7-1974

அன்புத் தங்கை தபீதாளுக்குக் கிருபாவதியின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். அங்கேயாவது பிழைக்கும் என்று நம்பி அனுப்பியவளே நான்தான். அதன் காதைக் கிழிக்கவா கூடையில் வைத்துக் கட்டினேன்?

மாட்டாஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் ரங்கையாவைப் பார்த்தேன். அவர் திட்டினார். "முயலுக்கு மூஞ்சி அடையாளம் ஏதும்மா? வாசனைதான். இன்னொரு வீட்டு வாசனையோட வந்தா அது கொத்த முயலு. எவளோ என் வீட்டுக்குள்ள பூந்துட்டாள்னுதான் அது நெனைக்கும்" என்றார். புது முயலாம் தபீதாள், அது வளர்ந்த கூண்டிலேயே.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காதில் மஞ்சள் வேண்டாம். உப்புத் தண்ணீரில் கழுவி, இத்துடன் அனுப்பும் களிம்பைப் போடு. இரண்டையும் தனித்தனிக் கூண்டில், பக்கத்தில் பக்கத்தில் வை. கம்பி வழியாகக் கடிக்காதபடி நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். தினமும் இதன் வைக்கோலை அதற்கும் அதன் வைக்கோலை இதற்கும் மாற்றிப் போடு. ஒரே நேரத்தில் தீனி வை. இரண்டு வாரம் இப்படி. அப்புறம் இரண்டுக்குமே பழக்கமில்லாத ஓர் இடத்தில், வெல்லத்தின் வாசனை துளியும் இல்லாத இடத்தில், கொத்தமல்லித் தழையைத் தூவிவிட்டுக் கொஞ்ச நேரம் விடு. கையில் கனத்த துண்டு இருக்க வேண்டும். ஒன்றை ஒன்று துரத்தினால் பார்த்துக்கொண்டிரு. காதைப் பின்னுக்கு மடித்துப் பாய்ந்தால் உடனே பிரி. சண்டையில் முடிய விடாதே, சும்மா இருக்கும்போதே எடுத்துவிடு. அவசரப்படாதே என்று மூன்று முறை சொன்னார்.

தம்பி கைக் கடியை டாக்டரிடம் காட்டச் சொல்.

இன்னொன்று. என் வீட்டுக்காரரைக் குறை சொல்லி எழுதாதே. இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

கிருபாவதி


சித்தூர்
29-7-1974

அன்பான அக்காவுக்கு,

காது ஆறிவிட்டது. கிழிசல் மட்டும் அப்படியே நிற்கும் போலிருக்கிறது. நீங்கள் எழுதியபடியே பதினைந்து நாள் வைக்கோல் மாற்றினோம். மாற்றியது நான் இல்லை, உங்கள் தம்பி. முதல் நாள் வெல்லம் அந்த வைக்கோலைக் காலால் உதைத்து மூலைக்குத் தள்ளியது. பத்தாவது நாள் அதன் மேலேயே படுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா, வேர்க்கடலை மூட்டை அடுக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை முதல் முறை விட்டோம். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, கதவுக்கு வெளியே நின்றேன். "துரத்துது... நின்னுடுச்சு... திரும்பத் துரத்துது" என்று இவர் உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டோம். சனிக்கிழமை மறுபடி பாய்ச்சல். துண்டைப் போட்டதில் நல்லவேளை, காயமில்லை. நேற்று ஆராதனை முடிந்து வந்து மூன்றாம் முறை விட்டோம். இரண்டும் அறையின் இரண்டு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு தழை தின்றன. அதற்கே இவர், "இன்னிக்கு ரெண்டும் ஒழுங்கா துன்னுக்கினு கீது" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

இப்படி ஒரு முயலுக்கு மணிக்கணக்கில் தரையில் உட்காருகிற மனுஷன், கூடப் பிறந்தவருக்கு ஒரு வரி எழுதமாட்டேன் என்கிறார். நான் கேட்டேன். "வீட்ட ஒடைச்சவன் அவன்தானே" என்றார். நீங்கள் எழுதாதே என்றீர்கள். எழுதாமல் எப்படி? பெரியவர் மனம் கல்லாக இருந்ததால்தானே நானும் உங்களை இழந்தேன். உங்களைப் போல ஒரு அக்கா எனக்கு எங்கே கிடைப்பார்கள்? மேரி இன்னமும் உங்கள் சேலை ஒன்றை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். பெரியவர் விடமாட்டார் என்றால் நீங்களாவது ஒரு நாள் வந்து போகக் கூடாதா?

தபீதாள்


திருப்பதி
3-8-1974

தபீதாளுக்கு,

இதை எழுத நான்கு நாள் ஆனது. இனி அவர் மேல் ஒரு சொல் விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பாகம் கேட்டது அவர் இல்லை. நான்.

போன வருஷம் ஏப்ரலில் பிச்சாட்டூரிலிருந்து உன் அம்மா வந்திருந்தார்கள். மேரிக்கு ஜுரம். நீங்கள் இருவரும் கிணற்றடியில் இருந்தீர்கள். நான் கஷாயத்துக்குத் துளசி பறிக்கப் பின்பக்கம் வந்தேன். நீ சொன்னது இது: "அவங்க வயித்துல மூணும் தங்கலையே. அந்தக் கண்ணு பட்டுத்தான் இதுக்கு ஜுரம் வந்துக்கினே கீது. எம் பொண்ணு அவங்கள அம்மான்னு கூப்புடுது. எடுத்துக்கினு பூடுவாங்களோன்னு பயமா கீது."

ஒரு சொல் கூட மறக்கவில்லை. மறக்க எவ்வளவோ முயன்றேன்.

அவரிடம் காரணத்தைச் சொல்லி, தனியாகப் போய்விடலாம் என்றேன். முடியாது என்றார். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். நாலாம் நாள் அவர் கூடத்துக்குப் போய்த் தம்பியிடம் பாகம் கேட்டார். என் பெயரோ உன் பெயரோ வரக் கூடாது என்று பைபிள் மேல் கை வைக்கச் சொல்லி வாக்கு வாங்கியிருந்தேன். "வீட்டை உடைத்தவன்" என்று தம்பி மூஞ்சியில் அடித்தாற்போலச் சொன்னபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

முயலைப் பிரித்ததும் நானே. எனக்கென்று ஓர் உயிர் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டேன். அவை பிரிந்து இருக்காது என்று தெரிந்தே கேட்டேன். ரவை பட்டினி கிடந்தபோது அதன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அனுப்பினேன்.

நீ பதில் எழுத வேண்டியதில்லை.

கிருபாவதி


சித்தூர்
10-8-1974

அக்காவுக்கு,

நான் சொன்னேன். அப்படியே சொன்னேன், ஒரு சொல் கூட மாறவில்லை. முதலில் சொல்லவே இல்லை என்று ஒரு கடிதம் எழுதினேன். அம்மாதான் பேச்சைக் கிளறினார்கள் என்று இன்னொன்று எழுதினேன். இரண்டையும் அடுப்பில் போட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் காது அடைத்துப்போனது. லட்சுமம்மா வந்து ஏதோ கேட்டார்கள். அவர்கள் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. பதினாறு மாதமாக நீங்கள் இதை வைத்துக்கொண்டு எனக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறீர்கள், தங்கை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களிடமே பெரியவரைக் கல் என்று எழுதியிருக்கிறேன்.

நேற்று இவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். படித்தார். மறுபடி படித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நான் சொன்னதயெல்லாம் கேட்டுக்கினு நின்னாரு?"

கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். அப்புறம் சட்டையைத் துவைத்துப் போடச் சொன்னார். இன்று காலை முதல் பஸ்ஸில் அங்கே வருகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுக்கிறேன். அவர் பெரியவரிடம் பேசத் தொடங்க நேரமாகும். அதுவரை பக்கத்தில் உட்காரட்டும், விட்டுவிடுங்கள்.

முயல்களைப் பற்றிக் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலை அறையில் வெல்லம் தானாகவே ரவையிடம் வந்து தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. ரவை நெடுநேரம் அசையவில்லை. பிறகு ஒரே ஒரு முறை நெற்றியை நக்கியது. வியாழக்கிழமையிலிருந்து, கழுவிக் காயவைத்த புதுக் கூண்டில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ரவை சாப்பிடுகிறது.

மன்னிப்பு என்று எழுத எனக்குத் துணிவில்லை. அதனால் வேறு செய்கிறேன். இவரோடு மேரியையும் அனுப்பியிருக்கிறேன். உடுப்பு நான்கு வைத்திருக்கிறேன், பள்ளிப் புத்தகமும் இருக்கிறது. இவர் நாளை திரும்பிவிடுவார். அவளை எப்போது திருப்பி அனுப்ப வேண்டும் என்று நான் இவரிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லமாட்டேன்.

தபீதாள்