புல்விதைக்காக வெந்த கை

பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டுமாம், கேட்டாயிற்று. அப்பாவும் நானும் நலம், உன் தங்கை நலமில்லை. அது உனக்கே தெரியும், எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. எண்ணெய் தெறித்துவிட்டது என்று என்னிடம் சொன்னாள், நானும் நம்பிக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பார்த்த மாத்திரத்தில், இது எண்ணெய் இல்லம்மா, ஆசிட் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து உலுக்கிய பிறகுதான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். அம்மாகிட்ட எண்ணெய்னு சொல்லிடு, இல்லன்னா கத்துவாங்க என்று சொல்லிக்கொடுத்தது நீயாம். அதற்கும் முன்னால் நீ கேட்டது, விதை தப்பிச்சுதா என்று.

உன் ஆராய்ச்சிக்கென்று அவளை ஊரெல்லாம் அலைந்து களைப்புல் விதை பொறுக்க வைத்தாய், சரி. தூங்குகிற விதை லேசில் எழாது, ஆசிட்டில் சில நிமிடம் ஊறித் தோல் கரைந்தால் எழும் என்று போனில் பாடம் எடுத்தாய், அதையும் விடு. ஆசிட்டை முழுக்க வடித்த பிறகே ஏராளமான தண்ணீரில் கழுவ வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் ஏன்டா விழுங்கினாய்? அவள் தையல்காரி, உன்னைப்போல் பெரிய படிப்பா படித்தாள்? ஆசிட் நிற்கிற கிண்ணத்திலேயே தண்ணீரை ஊற்றினாள், குபீரென்று பொங்கி வலது கையில் தெறித்தது. உன் ஆய்வுக்கூடத்தில் கையுறை இருக்கும், கண்ணாடி இருக்கும், கேள்வி கேட்க ஆள் இருக்கும். இங்கே கேள்வி கேட்காத தங்கை இருந்தாள், வசதியாகப் போயிற்று. கடையில் அவள் இயந்திரத்தில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள்.

இவ்வளவுக்கும் பிறகு கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த விதைகளைப் பொதிந்து வைத்த ஈரத்தாளை இடது கையால் பிரித்து முளைகளை எண்ணுகிறாள். அண்ணன் காத்திட்டிருப்பாங்க, நீங்களே எழுதி அனுப்புங்கம்மா என்கிறாள். எழுதிக்கொள். ஆசிட்டில் போட்டது நூற்றுக்கு எழுபத்தொன்று முளைத்தது. போடாதது நான்கு. அவள் வலது கைப் பெருவிரல் ஒன்று, மடங்கவில்லை. அதையும் உன் கட்டுரையில் சேர்த்துக்கொள்.

சபிக்க வாய் வரவில்லை, பெற்ற வயிறு. நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேள். விதை என்று ஒரு சொல் வந்தாலும் போனைப் பிடுங்கி வைத்துவிடுவேன்.

உங்கள் இருவரையும் பெற்றவள்