சூரியன் போகும் முன்

நவம்பர் 8

தேவாலயக் கீழ்த்தளத்தில் கூட்டம். ஆறு பேர், சூடான வாஃபிள், மேலே பழுப்புப் பாலாடைக்கட்டி. பைபிளில் முதல் சபைகளுக்கு எழுதப்பட்ட கடிதங்களை இந்தக் குளிர்காலத்தில் விவாதிக்கப்போவதில்லை. ஆளுக்கொரு வரியை எடுத்து வாழ்ந்து பார்ப்பதாக முடிவு. எனக்கு வந்தது: சூரியன் மறைவதற்குள் கோபத்தை விட்டுவிடு.

மீன்பிடிப் படகு வைத்திருக்கும் ஆஸ்பியோன் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த வரி கோடையில வந்திருந்தா, சூரியனே மறையாது, ரெண்டு மாசம் நிம்மதியா கோச்சுக்கிட்டு இருந்திருப்பே. பாவம், நவம்பர்ல மாட்டிக்கிட்டே."

நானும் சிரித்தேன். என் அக்கா யூருனோடு நான் பேசி ஆறு வாரம் ஆகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

நவம்பர் 9

விடவில்லை.

நவம்பர் 14

பனி அள்ளும்போது நான் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பேன். ஒரு வாரிப் பனிக்கு ஒரு பெயர். அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் தன் பிறந்தநாள் விருந்தில், மண்வாரியைப் பிடிப்பதுபோல் நின்று, என் குரலில் நடித்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நடிப்பு வேறு.

எவ்வளவோ படித்திருக்கிறேன். மன்னிப்பைப் பற்றி மட்டும் ஒரு அலமாரி நிறைய. என்ன பிரயோஜனம்? இன்றும் சூரியன் மறைந்தது. நான் அப்படியேதான் இருக்கிறேன்.

நவம்பர் 22

இந்த வடகோடி ஊரில் இன்னும் மூன்று நாளில் சூரியன் போனால் திரும்ப வருவது ஜனவரியில்தான். இருட்டுக் காலத்தில் அக்காவும் நானும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம், அம்மா போனதிலிருந்து. இந்தத் தடவை? அவள் கணவர் கடலில். மலையடி வீட்டில் அவளுக்கு இது முதல் குளிர்காலம். தனியாகவா இருப்பாள்?

இருக்கட்டுமே.

இல்லை. இருக்கக் கூடாது.

நவம்பர் 25

போனேன்.

என் ஜன்னலில் கடைசி வெளிச்சம் விழுந்ததும் கிளம்பி, பாலத்தில் ஓடி, மூச்சிரைக்க அவள் கதவைத் திறந்தேன். அக்கா அடுப்பில் பாதி உருளைக்கிழங்கு வேக, மீதியை உரித்துக்கொண்டிருந்தாள்.

"சூரியன் மறையறதுக்குள்ள சொல்லிடணும்னு வந்தேன். நீ பண்ணினது எனக்கு ரொம்ப வலிச்சுது. ஆனா கோபத்தை விட்டுட்டேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். வெளியே நீல இருட்டு.

"எந்த சூரியன்டி? இங்க போன வாரமே மலை முழுங்கிடுச்சு."

அட, ஆமாம். என் வீடு கடலைப் பார்த்தது. என் ஜன்னலை வைத்தே ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறேன்.

"அப்போ லேட்டா?"

"என் கணக்குல லேட்டுதான். ஜனவரியில வா." முகத்தை இறுக்கமாக வைத்திருந்தாள்; உதட்டோரம் மட்டும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பிறகு, "உங்க பக்கம் இன்னும் இருக்கா?"

"ஓடினா இருக்கும்."

ஏப்ரனோடு ஓடி வந்தாள். பாலத்தின் நடுவில் பிடித்துவிட்டோம் — கடல்மேல் ஒரு சிவப்புக் கீற்று. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்பவே உன் மூஞ்சியைப் பார்த்தேன். மன்னிச்சிடு, சில்யே. வந்து சொல்லத்தான் தைரியம் வரல." அப்புறம் என் பக்கம் திரும்பி: "இந்த எட்டு வாரமும் என் பேரைச் சொன்னியா?"

"தினமும். பல்லைக் கடிச்சுக்கிட்டு."

ஊருக்கே கேட்கும்படி சிரித்தாள். உருளைக்கிழங்கு அடுப்பில் கரிந்து, இரவுச் சாப்பாடு ரொட்டியும் மீனும்தான். வயிறு நிறைந்தது.

டிசம்பர் 24

அவள் வீட்டில். ஆட்டிறைச்சி, மெழுகுவர்த்தி, கடலிலிருந்து அத்தானின் போன். வேறென்ன வேண்டும்.

ஜனவரி 17

இன்று சூரியன் வரும் நாள். நான் ஜுரத்தில் படுத்திருந்தேன். வாசலில் மண்வாரி உரசும் சத்தம். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன்: அக்கா. சூரியன் திரும்பும் நாளில் ஊரே சாப்பிடும் ஜாம் பன் பையை வேலியில் மாட்டிவிட்டு என் வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன். ஆஸ்பியோன், ஒரு வாரி. அத்தான், ஒரு வாரி. அப்புறம் என் பெயர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் பெயரை இன்னொரு தடவை.

சத்தமில்லாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, இரண்டு பேருக்குக் காபி வைத்தேன்.