தாயின் கல்வித் தகுதி

மே 20, செவ்வாய்

மதியம் கடையில் ஆள் இல்லை. முதலாளி உமர் பாரூக் பாய் தொழுகைக்குப் போயிருக்கிறார். பேரிங் டப்பாக்களும் நானும்தான். ஜனவரியில் கம்பெனிக்காரன் கொடுத்த டைரியை இன்றைக்குத்தான் மறுபடி திறக்கிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மகள் அக்ஷிதாவுக்குக் கட்-ஆஃப் நூற்றுத் தொண்ணூற்றாறு. சென்னையில் அரசுப் பல்கலைக்கழக வளாகத்திலேயே மெக்கானிக்கல் கிடைக்கும் என்று அவள் ஆசிரியர் அடித்துச் சொல்கிறார். லேத் ஓட்டுகிறவர் மகளுக்கு வேறு எதன்மேல் ஆசை வரும்? என் வீட்டுக்காரர் இதைக் கேட்டதிலிருந்து எங்கள் கணபதி ஏரியா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சொல்லலாம். ஃபீஸ் யார் கட்டுவது? ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் சீட்டுப் பணம் எடுத்தாயிற்று. டியூஷன் ஃபீஸ் நாலு வருடத்துக்குச் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அரசாங்கமே கட்டியிருக்கும். இவள் படித்தது அரசு *உதவி பெறும்* பள்ளி. அந்த இரண்டு வார்த்தையில் போயிற்று. பிற்பட்டோர் உதவித்தொகை எங்கள் சாதிக்குக் கிடையாது. மிச்சம் இருப்பது முதல் பட்டதாரி சலுகை ஒன்றுதான். குடும்பத்தில் இதுவரை யாரும் டிகிரி வாங்கவில்லை என்று சான்றிதழ் கொடுத்தால் டியூஷன் ஃபீஸ் தள்ளுபடி.

"உங்கூட்ல ஆரும் டிகிரி இல்லீங்கல்ல? அப்பறம் என்னங்க, ஜம்முனு படிக்கட்டும்" என்றார் ஆசிரியர். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு டிகிரி இருக்கிறது. அது என்னுடையது.

மே 22, வியாழன்

இன்றைக்கு யோசித்ததை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

மே 23, வெள்ளி

யோசித்ததைச் செய்தும் விட்டேன்.

இவர்தான் ஆரம்பித்தார். தபாலில் படித்ததையெல்லாம் எவன் கணக்கில் எடுக்கப்போகிறான் என்றார். தபாலில்! மூன்று வருடம், ஞாயிற்றுக்கிழமையானால் வகுப்பு. முப்பத்தெட்டு வயதில், என் வயதில் பாதி வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். காஸ்ட் அக்கவுண்டன்சி இரண்டு தடவை ஊற்றிக்கொண்டது. மூன்றாம் தடவை ஐம்பத்தெட்டு. அந்த மார்க் ஷீட்டை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த டிகிரியால் இதுவரை என் சம்பளம் ஒரு ரூபாய் கூடவில்லை. எவரும் கேட்டதில்லை. முதல் முதலாக இப்போதுதான் கேட்கிறார்கள், அதுவும் இல்லை என்று சொல்வதற்காக.

இ-சேவை மையத்தில் ஒரு சின்னப் பெண் டைப் செய்தாள். அக்ஷிதாவை நான் கூட்டிப்போகவில்லை. "அப்பா என்னங்க படிச்சிருக்காங்க?" எட்டாவது. "அம்மா?"

வாய் திறந்தால் பி.காம் என்று வந்துவிடுமோ என்று பயந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பன்னெண்டாவதுங்க" என்றேன்.

அவள் டக் டக்கென்று தட்டிவிட்டாள். அவ்வளவுதான். மூன்று வருடப் படிப்பு போக அரை நிமிடம்கூட ஆகவில்லை. 'குடும்பத்தில் எவரும் பட்டம் பெறவில்லை என உறுதி கூறுகிறேன்' என்ற தாளில் கையெழுத்து: ஸ்ரீ. வெங்கடலட்சுமி. கையெழுத்து மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

மே 25, ஞாயிறு

விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வரலாம் என்கிறார்கள். கூடத்தில் கறுப்பு கவுனும் தொப்பியுமாக நான் நிற்கிற போட்டோவைக் கழற்ற வேண்டும்.

அந்தப் போட்டோவை மாட்டியது இவர். ஆணியில் மாட்டினால் விழுந்துவிடும் என்று பட்டறையிலிருந்து டிரில் எடுத்து வந்து, நாலு மூலையிலும் போல்ட்டும் வாஷரும் போட்டு, பம்ப் செட்டை இறுக்குகிற மாதிரி இறுக்கி வைத்திருந்தார். இன்றைக்கு அதே மனுஷன் ஸ்பேனரோடு ஸ்டூலில் ஏறினார். மூன்று போல்ட் வந்தது. நாலாவது சுற்றிக்கொண்டே இருந்தது, வரவில்லை. "சனியன்" என்றார். என்னைத்தான் சொன்னாரா, போல்ட்டையா தெரியாது. கடைசியில் சுவர்க்காரை கொஞ்சம் பெயர்ந்து வந்தது.

அக்ஷிதா கேட்டாள். கண்ணாடியில் கீறல், மாற்றப்போகிறோம் என்றேன். ஒரு பொய் சொல்லிவிட்டால் அடுத்தது சுலபமாகத்தான் வருகிறது.

மே 29, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

சாயந்திரம் கடையிலிருந்து வருகிறேன். பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் அக்கா, இட்லி மாவு பாக்கெட் போட்டு விற்கிறவர், வாசலிலேயே மறித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங் அம்மணி, உங்களப் பத்தி விசாரிக்க ஆபீஸர் ஒருத்தரு வந்தாருங்க. ஊடு பூட்டியிருந்துச்சா, என்றகிட்டக் கேட்டாரு. நான் உடுவனா? இந்த வீதியிலயே பி.காம் படிச்சது எங்க லட்சுமி ஒருத்திதானுங்க, என்ற ரேஷன் கார்டு, பேங்கு லோனு, பையன் பாஸ்போர்ட்டு அத்தனையும் அவதான் எழுதிக் குடுத்தான்னு சொல்லிப்போட்டேன். கவுனு போட்ட போட்டோ இருக்குது, சாயந்திரம் வந்து பாருங்கன்னும் சொல்லியிருக்கேன்!"

ஊரையெல்லாம் ஏமாற்ற ஏற்பாடு செய்தோம். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. எப்படிச் சொல்வது, அக்கா, நான் படிக்காதவள்னு சொல்லுங்க என்றா?

அவர் கையிலிருந்த மாவு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். நன்றிகூடச் சொன்னேன். சமையல்கட்டில் அந்தப் பாக்கெட்டை எறிந்தேன். பிறகு நானேதான் துடைத்தேன்.

மே 30, வெள்ளி

ஜெயிலில் போடுவார்களா? யாரிடம் கேட்பது?

ஜூன் 2, திங்கள்

'தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.' காலையில் போனில் வந்தது. கூடவே, நேரில் வரச் சொல்லி ஒரு அழைப்பு.

வருவாய் ஆய்வாளருக்கு என் வயதுதான் இருக்கும். என் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "இது உங்க கையெழுத்துங்களா?" என்றார். ஆமாங்க. "பி.காம் படிச்சுப்போட்டு இப்படிப் பொய் எழுதிக் குடுக்கலாமுங்களா?"

படிக்காதவள் எழுதிக் கொடுத்திருந்தால் பரவாயில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. சுற்றி நாலு பேர் நின்று பார்த்தார்கள்.

"மேல கொண்டுபோனா உங்களுக்குத்தான் சங்கடமுங்க. பாப்பா வாழ்க்கை இருக்குது. தெரியாம எழுதிட்டேன்னு ஒரு கடிதம் குடுத்துப்போட்டுப் போங்க" என்றார். நல்ல மனுஷர்தான். எழுதினேன். *நான் பி.காம் பட்டம் பெற்றுள்ளேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.* இந்த வரியை எத்தனை விண்ணப்பத்தில் எழுத ஆசைப்பட்டிருப்பேன். கடைசியில் மன்னிப்புக் கடிதத்தில் எழுதினேன்.

ஜூன் 4, புதன்

அக்ஷிதாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் போனுக்கும் அந்த மெசேஜ் வந்திருக்கிறது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நீங்க பரீட்சைக்குப் படிக்கறப்ப உங்களுக்குக் கேள்வி கேட்டது நான்தானுங்கம்மா. அப்ப நான் ஏழாவது. பிரேக் ஈவன் பாயின்ட்னா என்னன்னு எனக்கு இன்னும் மனப்பாடம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

நான் சென்னியம்மாள் அக்காவோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்க அவரவருக்கு ஒரு ஆள் ஆயிற்று.

ஜூன் 11, புதன்

கடையில் இரண்டு பில் தப்பாகப் போட்டேன். என் பத்து வருடத்தில் நடக்காதது. உமர் பாய் ஏன் என்று கேட்டார். போட்டோவைக் கழற்றியது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் முதலில் டீ வாங்கி வரச் சொன்னார். பிறகு, "பீளமேட்டுல மில்லுக்காரங்க அறக்கட்டளை ஒண்ணு இருக்குதுங்கம்மா. மெரிட் ஸ்காலர்ஷிப். சாதி பாக்கறதில்ல, முதல் பட்டதாரியான்னும் கேக்கறதில்ல. மார்க்கும் வருமானமும்தான். என்ற தம்பி பையன் அதுலதான் படிச்சான். ஆனா நெறயப் பேரு போடுவாங்க" என்றார்.

ஃபார்ம் வாங்கி வந்தேன். அக்ஷிதா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நானே எழுதிக்கறேன்." என்ன எழுதினாள் என்று காட்டவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

ஜூலை 17, வியாழன்

சீட் கிடைத்துவிட்டது. மெக்கானிக்கல், பல்கலைக்கழக வளாகம். இவர் பட்டறைக்கெல்லாம் லட்டு வாங்கிப் போனார். இருபத்து நாலாம் தேதிக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் சீட் போய்விடும் என்றும் அதே தாளில் போட்டிருக்கிறது. தாலிக்கொடி ஏற்கெனவே அடகில். இவருக்குப் பட்டறையில் ஆர்டர் இல்லாமல் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. லட்டு எனக்கு இறங்கவில்லை.

ஜூலை 19, சனி

நான் செத்துப்போயிருக்கலாம். நெசமாத்தான் எழுதறேன்.

அறக்கட்டளையில் இன்டர்வியூ. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கோவிந்தராஜுலு என்று ஒரு பெரியவர், நூல் மில் வைத்திருந்த குடும்பம். அக்ஷிதா பிரமாதமாகப் பதில் சொன்னாள். லேத்தில் ஒரு பக்கம் கூம்புகிற மாதிரி டேப்பர் எப்படிக் கடைவது என்று கேட்டார், கையால் காற்றில் ஓட்டிக் காட்டினாள். மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் சாதாரணமாக என் பக்கம் திரும்பி, "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?" என்றார்.

"பன்னெண்டாவதுங்க."

நான் சொல்லவில்லை. வாய் சொன்னது. அந்தக் கேள்வியைக் கேட்டாலே பயம், பயம் வந்தாலே அந்தப் பதில். இரண்டு மாதமாக அதைத்தானே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்!

பெரியவர் ஃபார்மைப் பார்த்தார். "இதுல தாயின் கல்வித் தகுதி பி.காம்னு போட்டிருக்குதுங்களே. பாப்பா எழுதினது தப்புங்களா, நீங்க சொல்றது தப்புங்களா?"

அக்ஷிதா எழுதியிருக்கிறாள். கொட்டை எழுத்தில். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஃபார்ம் தப்பு என்றால் என் மகள் பொய்க்காரி. ஃபார்ம் சரி என்றால் நான்.

அழுகை வந்தால் எனக்கு வீட்டுத் தெலுங்குதான் வரும். எல்லாவற்றையும் தெலுங்கில் கொட்டினேன் — சலுகை, கையெழுத்து, போட்டோ, சென்னியம்மாள் அக்கா, மன்னிப்புக் கடிதம். கூட இருந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெரியவருக்குப் புரிந்தது. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தமிழில், "சரிங்கம்மா. போயிட்டு வாங்க. தகவல் சொல்லுவாங்க" என்றார்.

பஸ்ஸில் அக்ஷிதா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கணபதியில் இறங்கும்போது, "எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டாள்.

எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு!

ஜூலை 21, திங்கள்

தகவல் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

தகவல் இல்லை. உமர் பாய் அட்வான்ஸ் தருவதாகச் சொன்னார். பாதிக்குக்கூட வராது. இந்த வருடம் எப்படியோ கட்டினாலும் அடுத்த வருடம்?

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, இங்கேயே பக்கத்துக் காலேஜில் பி.எஸ்சி சேர்ந்துக்கலாமா கண்ணு என்றார். அக்ஷிதா உடனே "சரிங்கப்பா" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பொறியியல் புத்தகம் இரண்டை எடுத்து லாஃப்டில் போட்டாள்.

என் டிகிரியை நான் வாங்காமலே இருந்திருந்தால் இந்நேரம் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். ஐம்பத்தெட்டு மார்க். அதற்கா அவ்வளவு குதித்தேன்.

ஜூலை 23, புதன்

பதினொன்றரை மணிக்கு, கடை போனுக்கு அறக்கட்டளையிலிருந்து அழைப்பு வந்தது. முதல் வருட டியூஷன் ஃபீஸ் முழுவதும். மார்க் குறையாமல் இருந்தால் வருடா வருடம். இன்றைக்கே பல்கலைக்கழகக் கணக்கில் கட்டிவிடுவார்களாம்.

ஏன் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் மார்க்குக்காகவா, நான் அழுததற்காகவா? அழுததற்காக என்றால் எனக்கு வேண்டாம்.

பொய். எதற்காக என்றாலும் வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

ரசீது வந்தது. இவர் லாஃப்டிலிருந்து புத்தகத்தை இறக்கினார். ஸ்டூலில் ஏறின கையோடு போட்டோவையும் மாட்டிவிட்டார். சுவர் பெயர்ந்திருந்ததால் இந்தத் தடவை இன்னும் பெரிய போல்ட். கொஞ்சம் கோணல். யாரும் சரிசெய்யவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதிய ரயில். இவர் கூடப் போகிறார். வழியனுப்ப நான் மட்டும்தான் என்று நினைத்தேன், ஆட்டோவில் ஏறும்போது சென்னியம்மாள் அக்காவும் வந்து ஏறிக்கொண்டார். ஒரு தூக்குப் போசி நிறைய முறுக்கு. இரண்டு மாதத்துக்கு மேல் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. "என்ற மேல என்ன கோவமோ தெரியல அம்மணி, பாப்பா போறப்ப நான் வராம இருப்பனா" என்றார். ஒண்ணும் இல்லீங்கக்கா, வேலை ஜாஸ்தி என்றேன். அவருக்கு எதுவும் தெரியாது. இனியும் தெரிய வேண்டியதில்லை.

ரயில் பெட்டியில் எதிர் சீட்டில் ஒரு அம்மா. திருவள்ளூர் போகிறாராம். பாப்பா என்ன படிக்குது என்று கேட்டார். அக்ஷிதா சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"பெரிய காலேஜுங்க, ஸ்காலர்ஷிப்புல படிக்கப் போவுது. பின்ன, அம்மாவே பட்டதாரியாச்சுங்களே!"

அந்த அம்மா என்னைப் பார்த்து, "அப்படிங்களா, நீங்க என்னங்க படிச்சிருக்கீங்க?" என்றார்.

அக்ஷிதா முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பி.காமுங்க" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. "கரஸ்பாண்டன்ஸ்ல படிச்சேனுங்க. கல்யாணமாகி, இவ பொறந்ததுக்கப்புறம். காஸ்ட் அக்கவுண்டன்சில ரெண்டு தடவ ஃபெயிலுங்க. மூணாவது தடவ ஐம்பத்தெட்டு."

கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரயில் கிளம்பப்போகிறது, இறங்குங்க என்று இவர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.